டாக்கின் சாலையில் முதல் புகை

ஹார்லன் ஸ்ப்ராக்கைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டுமென்றால், முப்பது வருஷம் ஊருக்காகப் பனி தள்ளும் வண்டி ஓட்டினான், ஒரு தபால் பெட்டியைக்கூட வேண்டுமென்று இடித்ததில்லை. வேண்டாமல் இடித்தவற்றைப் பற்றி அவனிடம் கேட்கக் கூடாது. மற்றபடி ஆள் முழுக்கப் பிடிவாதம். அந்தப் பிடிவாதத்துக்குத் தாடி வைத்து, இரண்டு சட்டை, ஒரு கம்பளிக் கோட்டு போட்டு உட்கார வைத்தது போலத்தான் அக்டோபர் கடைசியில் தன் வீட்டுச் சமையலறையிலேயே உட்கார்ந்திருந்தான்.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து வடக்கில் அந்த மாதத்தில் கோட்டு போடாதவன் எவனும் இல்லை. ஆனால் வெளியே போகும்போது போடுவார்கள். ஹார்லன் சாப்பிடும்போது போட்டான்.

காரணம் டாக்கின் சாலையின் எழுதாத சட்டம். இலை உதிர ஆரம்பித்த பிறகு எந்த வீட்டுப் புகைபோக்கி முதலில் புகைகிறதோ, அந்த வீட்டுக்காரர் பனி உருகும்வரை பெர்லியின் கடைக்குக் காப்பி குடிக்க வரும்போதெல்லாம் ஆணியில் தொங்குகிற ரோஸ் நிறக் குழந்தைக் குல்லாயைப் போட்டுக்கொள்ள வேண்டும். யார் ஆரம்பித்தது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை, நிறுத்தவும் யாருக்கும் துணிச்சல் இல்லை. போன குளிர்காலம் முழுக்க அது ஹார்லன் தலையில்தான் இருந்தது. நாடா தாடிக்குக் கீழே எட்டாது. எட்டாவிட்டாலும் முடிச்சுப் போட்டே ஆகவேண்டும் என்று பெர்லி ஒரே பிடியாக நின்றான்.

இந்த வருஷம் உயிரே போனாலும் முதலில் கொளுத்துவதில்லை என்று ஹார்லன் சபதம் எடுத்திருந்தான். யாருடைய உயிர் என்று அவன் யோசிக்கவில்லை.

அவன் மனைவி வெல்மா ஒல்லி. செப்டம்பரிலேயே விரல் நுனி வெளுத்துவிடும். சமையலுக்கு கேஸ் இருந்தது; வீட்டைச் சூடாக்கும் விறகு அடுப்பை மூட்டச் சொல்லி மூன்று முறை கேட்டாள். முதல் முறை சாதாரணமாக, இரண்டாம் முறை சத்தமாக, மூன்றாம் முறை பாத்திரம் துலக்கும் சோப்புப் புட்டியைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டி. குளிரில் இறுகிப்போய்ச் சோப்பு இறங்க மறுத்தது. ஹார்லன் அதை வாங்கி அக்குளில் கொஞ்ச நேரம் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தான். அதன்பின் அவள் கேட்கவில்லை. பயந்திருக்க வேண்டிய இடம் அது. அவனோ வழிக்கு வந்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டான்.

அவனுடைய எதிரி பெர்லி அல்ல, சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற கொரின் மிஷோ. தனியாக இருக்கிறவள், வீட்டுச் சமையலறையில் பெண்களுக்கு முடி வெட்டிப் பிழைக்கிறவள், வாய் கொஞ்சம் நீளம். முதல் பனி விழுமுன் அவள் புகைபோக்கியில் புகையைப் பார்த்தவர் கிடையாது. ஹார்லன் மாடிக் குளியலறை ஜன்னலில் பைனாகுலரை வைத்துக்கொண்டு காலையும் மாலையும் அந்தப் புகைபோக்கியைப் பார்ப்பான். அதற்கு மேலே வானம் துடைத்துவிட்டது போல இருக்கும். அந்தப் பொம்பளை ரத்தத்தில் என்னதான் ஓடுகிறதோ என்று எரிச்சலும் மரியாதையுமாக முணுமுணுத்துக்கொண்டு இறங்கி வருவான்.

விறகு விஷயத்தில் அவனுக்கென்று ஒரு சித்தாந்தம் உண்டு. ஈர விறகு நின்று எரியும், காய்ந்தது பொசுக்கென்று போய்விடும். அதனால் ஆகஸ்டில் மேப்பிள் மரத்தை வெட்டுவான், தொடை கனத்துக்கு இரண்டாகப் பிளப்பான், நீலத் தார்ப்பாயைப் போட்டு மூச்சு முட்ட மூடிவைப்பான். குளிர்காலத்தில் அடுப்பு பிடித்த மறு நிமிஷமே காற்று வருகிற வழியை அடைத்துவிடுவான். விறகு உஸ்ஸென்று அழும், அடுப்புக் கதவின் கண்ணாடி கறுத்துத் தாராகும், வீடு வெதுவெதுப்பாகக்கூட ஆகாது. அந்தச் சாலையிலேயே அதிக விறகு எரிக்கிறவனும் அவன்தான், தன்னைச் சிக்கனக்காரன் என்று நம்புகிறவனும் அவன்தான்.

வெல்மா மத்தியானங்களில் கொரின் வீட்டுக்குப் போக ஆரம்பித்தாள். முடி கூட்டிப் பெருக்க ஆள் வேண்டுமாம். போகும்போது ரொட்டி மாவுக் கிண்ணத்தையும் துணி போட்டு மூடி எடுத்துப் போவாள். கன்னம் சிவக்கத் திரும்பி வருவாள். எதிர்க்காற்று என்று நினைத்துக்கொண்டான் ஹார்லன். அவன் வீட்டுச் சமையலறையில் பன்றிக் கொழுப்பு கல்லாக உறைந்து கிடக்க, ரொட்டி மட்டும் எப்படிப் பஞ்சாக உப்புகிறது என்று ஒரு நாளும் கேட்கவில்லை. வெண்ணெய் தடவிச் சாப்பிட்டான்.

ஒரு வியாழக்கிழமை அவள் வரவில்லை. தொலைபேசியில் கூப்பிட்டு, இனி கொரின் வீட்டில்தான் இருக்கப்போவதாகவும் பானையில் பீன்ஸ் இருப்பதாகவும் சொல்லி வைத்துவிட்டாள். ஹார்லன் படுக்கையறைக்குப் போய்ப் பார்த்தான். அவளுடைய தலையணையைக் காணோம். ஒரு ராத்திரி தங்கப் போகிறவள் தலையணையைத் தூக்கிக்கொண்டு போகமாட்டாள்.

அவனுக்கு நிஜமாகவே வலித்தது. இந்த வீடு குளிர்கிறது என்று போயிருந்தால்கூடப் புரிந்திருக்கும். அங்கேயும் அடுப்பு மூட்டவில்லையே. இங்கே குளிர்வதற்குப் பதில் அங்கே குளிர்ந்துகொள்கிறேன் என்று போயிருக்கிறாள். அப்படியென்றால் வெறுத்தது குளிரை அல்ல. அன்று மாலை பீன்ஸைச் சூடாக்கக்கூட அவனுக்குக் கை ஓடவில்லை.

மறுநாள் காலை சாப்பாட்டை முடித்ததும் சமாதானத்துக்கு ஏதாவது கொண்டுபோக வேண்டுமே என்று தேடி, வீட்டிலேயே கனமான கம்பளியை எடுத்து மடித்துத் தோளில் போட்டுக்கொண்டான். பாவம், இரண்டு பெண்களும் நடுங்கிக்கொண்டு கிடப்பார்கள். சாலையைக் கடந்து, அந்தப் பக்கத்து வழக்கப்படி தட்டாமல் கதவைத் திறந்து உள்ளே போனான்.

மூக்குக் கண்ணாடி ஒரே நொடியில் ஆவி படிந்து வெள்ளையாக மூடிக்கொண்டது. ஒன்றும் தெரியவில்லை. இரண்டு பெண்கள் சிரிப்பது மட்டும் கேட்டது. கழற்றித் துடைத்து மாட்டிப் பார்த்தபோது, வெல்மா அரைக்கைச் சட்டையோடு உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தாள். அவள் முழங்கையை ஆகஸ்டுக்கு அப்புறம் அவன் பார்த்ததே இல்லை. அடுப்புப் பக்கத்து முக்காலியில் அவன் வீட்டு மாவுக் கிண்ணம், துணியை முட்டிக்கொண்டு உப்பி நின்றது. அடுப்பின் கண்ணாடி பளிச்சென்று இருந்தது. உள்ளே மணிக்கட்டு கனத்துச் சுள்ளிகள் மஞ்சளாகக் கொழுந்துவிட்டு எரிந்தன.

ஹார்லன் வெளியே ஓடிப்போய் அண்ணாந்து பார்த்தான். புகைபோக்கிக்கு மேலே காற்று மட்டும் லேசாக நெளிந்தது. புகை இல்லை. திரும்ப உள்ளே வந்தான்.

“எத்தன நாளா நடக்குது இது?”

“நாளா? நான் இங்க குடி வந்ததுலருந்து செப்டம்பர்லயே மூட்டிடுவேன்,” என்றாள் கொரின். “நீங்க எல்லாம் புகையத்தான பாத்துட்டு இருந்தீங்க. தீயப் பாக்கறேன்னு எவனும் வரலையே. முடி வெட்ட வர்ற பொம்பளைங்க ஒருத்தியும் வாயத் தொறக்கல.”

அவள் விறகு இரண்டு கோடை வெயில் பார்த்தது. தகரக் கூரைக்குக் கீழே நாலு பக்கமும் காற்றோடக் கிடந்து காய்ந்தது. காலையில் ஒரு கை, மாலையில் ஒரு கை, காற்றை நன்றாகத் திறந்துவிட்டுச் சுறுசுறுவென்று எரிப்பாள், அவ்வளவுதான். ஹார்லன் எரிப்பதில் பாதிகூட அவளுக்கு ஆவதில்லை.

“உன் புகைபோக்கி வழியா போறது புகைன்னா நெனச்ச?” என்றாள். “எரியாத விறகுப்பா அது. பாதி மரத்த வானத்துக்கு அனுப்பிட்டு உக்காந்திருக்க.”

கஞ்சனுக்கு இதைவிடக் கெட்ட வார்த்தை கிடையாது. ஹார்லனுக்கு முகம் தொங்கிவிட்டது. ஆனால் ஒரு கணத்தில் சமாளித்துக்கொண்டான். பெர்லி கடையில் போய் இதைப் போட்டு உடைத்தால் போதும், குடி வந்த வருஷத்திலிருந்து சேர்த்துக் குல்லாயைக் கொரின் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். அந்த நினைப்பு அவன் முகத்தில் சிரிப்பாக வந்ததை வெல்மா பார்த்துவிட்டாள். பின்னல் ஊசியை மடியில் வைத்தாள்.

“போ, போய்ச் சொல்லு. நல்லா சிரிங்க எல்லாரும். மூணு தடவ கேட்டேன் ஹார்லன். கடையில நாலு கெழவனுங்க என்ன சொல்வானுங்கன்னு யோசிச்ச. கூடப் படுக்கிறவளுக்குக் கை வெறைக்குதேன்னு யோசிச்சியா?”

அவன் வாயைத் திறந்தான். திங்கட்கிழமை வரை பொறுத்துக்கொண்டால் பெர்லியே நிச்சயம் மூட்டிவிடுவான் என்று சொல்ல வந்தவன், அவள் முகத்தைப் பார்த்து அதை விழுங்கினான். கொரினுக்கே மனசு இளகிவிட்டது. கொல்லையில் தள்ளுவண்டி இருக்கிறது, என் காய்ந்த விறகை ஒரு வண்டி தள்ளிக்கொண்டு போய் மூட்டு, ஒரு பயலுக்கும் தெரியாது, பெண்டாட்டியும் வந்துவிடுவாள், மானமும் மிஞ்சும் என்றாள். ஹார்லன் அந்த நிமிஷமே கதவுப் பக்கம் திரும்பிவிட்டான்.

“அவ விறகுல காயறதுக்கு நான் எதுக்கு அங்க வரணும்?” என்றாள் வெல்மா. “இங்கயே இருந்துட்டுப் போறேன்.”

கம்பளியை நாற்காலியில் வைத்துவிட்டு ஹார்லன் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனான். பிறகு தார்ப்பாயை விலக்கித் தன்னுடைய மேப்பிளையே வாரி எடுத்து வந்தான். செய்தித்தாள் கட்டுக்கட்டாகப் போயிற்று. விறகு நுரை தள்ளியது, அழுதது, அரைமணி நேரம் அவனைத் திட்ட வைத்தது. கடைசியில் பிடித்தது. பிடித்ததும் புகைபோக்கியிலிருந்து பழுப்பு நிறத்தில் கம்பளம் கம்பளமாகப் புகை கிளம்பி, காற்றில்லாத பகல் ஆகையால் மேலே போகாமல் டாக்கின் சாலை நெடுகப் படுத்துக்கொண்டது. அதைப் பார்க்காமலிருக்க வேண்டுமானால் கண்ணில்லாமல் பிறந்திருக்க வேண்டும், அப்போதும் மூக்கு காட்டிக்கொடுத்துவிடும்.

உள்ளே ஒளிந்துகொள்ளலாம்தான். ஹார்லன் முற்றத்தில் போய் நின்றான். போகிற வண்டியெல்லாம் ஹாரன் அடித்தது. பெர்லி கடையை அப்படியே போட்டுவிட்டு லாரியை எடுத்துக்கொண்டு வந்தான். ஜன்னலை இறக்கினான், சிரிப்பில் கண்ணில் தண்ணீர்.

“ரெண்டாவது வருஷமும் நீதானாடா? அங்க பாரு, கொரின் வீட்டுல ஒரு பொட்டுப் புகை இருக்கா? பொம்பளடா அவ.”

ஹார்லன் எதிர்வீட்டுக் கூரையைப் பார்த்தான். ஒரே ஒரு வாக்கியம் போதும். அது நாக்கு நுனிவரை வந்தும்விட்டது.

“ஆமா, அவ கெட்டிக்காரி,” என்றான். “வெல்மாவுக்குக் குளிருதுடா. அதான் மூட்டினேன்.”

பெர்லிக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. இத்தனை வருஷத்தில் அந்தச் சாலையில் ஒருத்தன்கூட இப்படி ஒரு காரணம் சொன்னதில்லை. ஜன்னலை ஏற்றிக்கொண்டு போய்விட்டான். லாரி விலகியதும் எதிரே சாலையோரத்தில் வெல்மா தெரிந்தாள். எப்போது வந்து நின்றாளோ. அரைக்கைச் சட்டைக்கு மேலே ஒன்றும் போடாமலே வந்திருந்தாள். அவனைத் தாண்டி வீட்டுக்குள் போனாள்.

உள்ளே இருமிக்கொண்டே அடுப்புக்கு முன்னால் மண்டியிட்டு, அவன் பழக்க தோஷத்தில் அடைத்து வைத்திருந்த காற்று வழியை முழுசாகத் திறந்துவிட்டாள். தீ திடுக்கென்று எழுந்தது.

“இந்தப் பொகைக்கு நான் அங்கயே இருந்திருக்கலாம்,” என்று சொல்லிவிட்டு, நாற்காலியை அடுப்புப் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.