மிருதங்கத்துக்கு விட்ட இடைவெளி

பள்ளியைப் பாதியில் விட்டதிலிருந்து எங்கள் குடும்பக் கச்சேரிதான் என் வேலை. அம்மா வயலின், அப்பா மிருதங்கம், நான் பாட்டு. அவர்களுக்குத் தெரியாமல் கிற்றாரில் கண்ட்ரி ராக் பாட்டுகள் எழுதினேன். பரமட்டாவில் ஒரு பப்பில், குடிக்க வருகிறவர்கள் முன்னால், ஒரு சனிக்கிழமை பாடக் கூப்பிட்டார்கள். அதே சனிக்கிழமை டூங்கபியில் நாங்கள் மூவரும் போகவேண்டிய ஒரு பிள்ளையின் நடன அரங்கேற்றம். பயத்தில் நாளைக் கடத்தினேன். கடைசியில் அப்பாவிடம் சொன்னேன்.

“இதுக்கோ முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிஞ்சனி? பாடிப்போட்டு வா பிள்ளை. நான் வேற ஆளைப் பிடிக்கிறன்.”

பப்பில் முதல் சரணம் முடிந்ததும், அப்பா மிருதங்கத்தில் வாசித்து முடிக்கட்டும் என்று பழக்கத்தில் வலப்பக்கம் திரும்பிக் காத்திருந்தேன். அங்கே யாரும் இல்லை. பாட்டு முடிந்துவிட்டதென்று எல்லாரும் கைதட்டினார்கள். மீதியைப் பாடாமலே மேடையை விட்டு இறங்கினேன்.

அப்பாதான் என்னைக் கட்டிவைத்திருக்கிறார் என்று எத்தனை வருடம் மனதுக்குள் திட்டியிருப்பேன்! அவர் ஒரு பேச்சில் விட்டுவிட்டார். எனக்குத்தான் இன்னும் வெளியே வரத் தெரியவில்லை.