வெள்ளம் இழுத்த துருத்தி

என் வீட்டுக்காரருக்கு இரும்பைப் பற்றித் தெரியாதது ஒன்றும் கிடையாது. தண்ணீரைப் பற்றித்தான், எங்கள் பேச்சில் வெள்ளத்தைப் பற்றித்தான், ஒன்றும் தெரியாது. இனயத்துப் பக்கம் கடலோரத்தில் பிறந்து வளர்ந்த மனிதர். தண்ணீர் என்றால் அது பாட்டுக்குக் கிடக்கும், அதை யாரும் திறக்கவும் வேண்டாம், அடைக்கவும் வேண்டாம் என்பது அவருடைய எண்ணம். நான் திற்பரப்புக்காரி, அணையிலிருந்து பாசனத்துக்கு வரும் சானலின் கரையில் பிறந்தவள். அந்த வருடம் எங்கள் வீட்டில் நடந்த கூத்துக்கெல்லாம் இந்த வித்தியாசம்தான் காரணம்.

கல்யாணமாகி நான் போனது அவருடைய அண்ணன் நடத்திய கொல்லப்பட்டறைக்கு. வள்ளத்துக்கு நங்கூரம், மீன் வெட்டும் கத்தி, தேங்காய் உரிக்கும் பாரை என்று வேலைக்குக் குறைவே இல்லை. ஆண்கள் இரண்டு பேரும் இரும்பை அடிப்பார்கள். துருத்தி இழுப்பது என் வேலை. ஆட்டுத்தோல் துருத்திக்கு மேலே ஒரு கழி, கழியில் ஒரு கயிறு. கயிற்றை இழுத்து இழுத்து விட்டால்தான் உலையில் சிரட்டைக்கரி கனலும். காலையில் பிடித்தால் மத்தியானம் கஞ்சிக்குத்தான் கயிற்றை விடுவேன். கை காய்த்துப் போனதைக்கூட நான் பெரிதாக நினைக்கவில்லை.

முதல் பிள்ளை நாலாம் மாதத்தில் போயிற்று. இரண்டாவது பத்து மாதமும் வயிற்றில் இருந்தது. நோவு கண்ட அன்று காலையிலும் துருத்தி இழுத்தேன். பிறந்தபோது பிள்ளை நாவல்பழ நிறத்தில் இருந்தது. அழவில்லை. என் கையில் தரவே இல்லை, துணியில் சுற்றிக் கொண்டு போய்விட்டார்கள். நான் கண்டது அந்த நிறத்தை மட்டும்தான். இத்தனை வயதாகியும் நாவல்பழத்தை நான் வாயில் வைத்ததில்லை.

பதினாறாம் நாள் நான் பழையபடி கயிற்றைப் பிடித்தேன். அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"ஏட்டி, நாம போவம்" என்றார்.

"எங்க?"

"ஒனக்க ஊருக்கு. இஞ்ச இருந்தா நீ இந்தக் கயித்த விடமாட்ட."

அண்ணன் தம்பிக்குள் சண்டை ஒன்றும் இல்லை. இரும்பை வைத்து அடிக்க ஒரு அடைகல், இரண்டு சுத்தியல், நாலு குறடு, பழைய துருத்தி ஒன்று. இவ்வளவுதான் எங்கள் சொத்து. திற்பரப்பில் என் அண்ணன் தன் வயலுக்கு மேலே சானல் ஓரமாக ஒரு துண்டு நிலம் விட்டுக்கொடுத்தான். அதில் ஓலைக் கூரை போட்டு, ஒரு பக்கம் வீடு, ஒரு பக்கம் பட்டறை என்று வைத்துக்கொண்டோம்.

உலையை நாங்களே கட்டினோம். கருங்கல் என்ற ஊர்ச் சந்தைக்குப் போன மனிதர் ஒரு பழைய லாரியின் பிரேக் டிரம்மைத் தலையில் சுமந்துகொண்டு வந்து நின்றார். பஸ்ஸில் ஏற்றமாட்டேன் என்று கண்டக்டர் சொல்லிவிட்டானாம். அத்தனை மைல் தூரம் நடந்தே வந்திருக்கிறார். கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. "இது எதுக்கு, ஆட்டுக்குக் கஞ்சி வைக்கவா?" என்று கேட்டேன். மனிதருக்குக் கோபம்கூட வரவில்லை. அந்த டிரம்தான் நெருப்புச் சட்டி. அதன் அடியில் இரும்புக் குழாய் ஒன்றைப் பொருத்தி, குழாயின் மறுமுனையைத் துருத்தி வாயோடு சேர்த்தார். சுற்றிலும் கல் அடுக்கி, புற்றுமண்ணையும் உமியையும் குழைத்து நான் பூசினேன். முதல் தடவை தீ மூட்டியதும் பூச்சு பாளம் பாளமாக வெடித்து விழுந்தது. காயவிடாமல் மூட்டியது அவருடைய அவசரம், பூச்சுச் சரியில்லை என்று பழி எனக்கு. வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு மறுபடியும் பூசினேன். இரண்டாவது தடவை நின்றது.

ஒரு மாதம் வேலை நடந்தது. அதற்குள் எனக்கு வாந்தி வந்துவிட்டது. வயற்றாட்டி வந்து கையைப் பிடித்துப் பார்த்தாள். பிரசவம் பார்ப்பதில் அந்த வட்டாரத்தில் அவள் சொன்னதுதான் சட்டம்.

"மக்களே, இது நிக்கணும்னா நீ அந்தத் துருத்திக் கயித்தத் தொடப்பிடாது. மூணு மாசம் அண்ணன் வீட்டுல போய் கால நீட்டிக் கெட."

துருத்தியால்தான் முன்னால் இரண்டும் போயின என்று அவள் சொன்னது சரியா தப்பா, எனக்குத் தெரியாது. ஆனால் அவர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். அன்றைக்கே என்னை அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விட்டார். படுத்துக் கிடந்தேன். படுத்துக் கிடப்பது எனக்குச் சாவுக்குச் சமம். சாயங்காலம் வந்து எட்டிப் பார்ப்பார். உடம்பெல்லாம் சேறாக இருக்கும். என்ன வேலை என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பார். இரும்பு வேலைக்காரருக்குச் சேறு எதற்கு? குழி வெட்டி என்னத்தைப் புதைக்கிறாரோ என்று நினைத்துக்கொண்டேன்.

நாலாம் மாதம் தாண்டிய பிறகு ஒரு நாள் காலையில் என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். பட்டறைக்குள் யாரும் இல்லை. ஆனால் துருத்தி ஊதிக்கொண்டிருந்தது. கழி ஏறுகிறது, இறங்குகிறது, உலையில் கரி கனன்று கிடக்கிறது. எனக்கு மேலெல்லாம் புல்லரித்துவிட்டது.

"பயப்படாத, பொறத்த வந்து பாரு" என்றார்.

பின்னால் சானலிலிருந்து அண்ணன் வயலுக்கு இறங்கும் மடை. அங்கே ஒரு பழைய வண்டிச் சக்கரத்தைக் குறுக்கே நிறுத்தியிருந்தார். சக்கரத்தைச் சுற்றிலும் பனம்பலகைத் துண்டுகளை அடித்திருந்தார். பிளந்த கமுகுத்தடி வழியாக வெள்ளம் வந்து பலகையில் விழ, சக்கரம் சுற்றியது. அச்சில் முழங்கை போல வளைத்த ஓர் இரும்பு. அதிலிருந்து போன கயிறு துருத்திக் கழியை இழுத்து இழுத்து விட்டது. வயலுக்குப் போகிற வெள்ளம், போகிற வழியில் எனக்குப் பதிலாகக் கயிறு இழுத்துவிட்டுப் போனது.

"இனி இதுக்குக் கையும் கடுக்காது, வயிறும் நோவாது. வருசம் முழுக்க இழுக்கும். எப்பிடி இருக்கு?" என்றார்.

வருசம் முழுக்க! கும்பம், அதாவது மாசி முடிந்தால் அணையில் சானலை அடைத்துவிடுவார்கள், பிறகு இடவத்தில், வைகாசியில்தான் திறப்பார்கள் என்பது எங்கள் ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். இது என் காதுக்குப் போய்விடக்கூடாது என்று ஊர்க்காரர்களுக்குக்கூடத் தெரியாமல் வேலை பார்த்த மனிதரிடம் அதை யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்? அவர் முகத்தைப் பார்த்தேன். சேறு உலர்ந்து ஒட்டிய முகம். நாவல்பழ நிறத்தில் ஒரு பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொண்டுபோன நாளுக்குப் பிறகு, அந்த முகம் சிரித்து நான் கண்டது அன்றைக்குத்தான். ஒரு வார்த்தை மனதில் தோன்றினால் அது நாக்கில் வந்து நிற்காமல் போகாது எனக்கு. அன்றைக்கு விழுங்கிவிட்டேன்.

"கொள்ளாம், நல்லா இருக்கு" என்றேன்.

அதற்குப் பிறகு பட்டறைக்கு வருகிறவர்களைக் காவல் காப்பதே எனக்கு வேலையாயிற்று. ஒருவர் மண்வெட்டியைக் கொடுத்துவிட்டுச் சக்கரத்தை எட்டிப் பார்த்து, "ஆசாரியே, கொள்ளாம் கேட்டீரா, ஆனா கும்பம் கழிஞ்சா" என்று தொடங்கினார். "மம்பெட்டிக்குக் காம்பு போடணுமா வேண்டாமா, அதச் சொல்லும்" என்று நான் பாய்ந்து விழுந்தேன். இவளுக்கு மசக்கையில் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு போனார். போகட்டும். எனக்கு அந்த முகம் சிரித்தால் போதும்.

கும்பம் முடிந்த நாலாம் நாள் காலையில் பின்னாலிருந்து சத்தம் கேட்டது.

"ஏட்டி, ஓடி வா! வேண்டாம், ஓடாத, பைய வா!"

போனேன். சக்கரம் நின்றிருந்தது. கமுகுத்தடியிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. சானலுக்குள் சேறும், துள்ளுகிற நாலு மீன்களும்.

"வெள்ளம் எங்க?"

"அணையில அடைச்சாச்சு. இனி இடவத்துலதான் தொறப்பாவ."

"வெள்ளத்தப் பூட்டி வைப்பாவளா?" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். "ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பத்திலேருந்து?"

"பொறந்ததுலேருந்து."

"பின்ன ஏன் எங்கிட்ட பறையல்ல?"

"ஒங்க மூஞ்சியக் கண்டுட்டு எப்பிடிப் பறைய?"

திட்டுவார் என்று நினைத்தேன். வரப்பில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, "மூணு மாசமா வாய மூடிக்கிட்டு இருந்தியா? நீயா?" என்று கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார். அழுதாரா சிரித்தாரா என்று எனக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை.

கோடையில் கூலிக்கு ஆள் கிடைக்காது. எல்லோரும் மலைக்கு ரப்பர் வேலைக்குப் போய்விடுவார்கள். நான் இழுக்கிறேன், பைய இழுத்தால் ஒன்றும் ஆகாது என்றேன். அவர் என் பழைய கயிற்றை அவிழ்த்து உலைக்குள் போட்டார். நல்ல கயிறு, எரிந்து போயிற்று.

பிறகு அவரே பின்னால் போய், வெள்ளத்துக்குப் பதிலாகத் தன் கையால் சக்கரத்தைச் சுற்றினார். துருத்தி ஊதியது. ஆனால் அங்கே நின்றால் நடுவில் சுவர், உலைக்குள் இரும்பு எப்படி இருக்கிறது என்று தெரியாது. ஓடி வந்து பார்ப்பார், இரும்பு காய்ந்திருக்காது. திரும்பிப் போய்ச் சுற்றுவார், அதற்குள் காய்ச்சல் மிஞ்சிப் பொறி பறக்கும். ஒரு காலையில் மூன்று இரும்பு பாழ்.

"நான் இருந்து பாக்கேன். கண்ணால பாத்தா வயிறா நோவும்?" என்றேன்.

துருத்தி இழுப்பவள் நாள் முழுக்கத் தீயைப் பார்த்தபடிதானே இருக்கிறாள்? இரும்பு எப்போது அடிக்குப் பக்குவம் என்பது எனக்கு அவர் அளவுக்குத் தெரியும். அவர் ஒரு முக்காலியை உலையிலிருந்து எட்டி, காற்று வருகிற இடத்தில் போட்டார். நான் உட்கார்ந்து நிறம் சொன்னேன். எனக்கு அப்போது எந்நேரமும் பழத்து மேல்தான் ஆசை. அதனால் நிறத்துக்கும் வாழைப்பழத்தின் பேரே வந்தது. இரும்பு சிவந்தால் "செந்துளுவன்!" என்பேன். எங்கள் பக்கத்துச் செவ்வாழை அது. அப்படியென்றால் போதாது, இன்னும் ஊத வேண்டும். மஞ்சள் ஏறினால் மட்டிப்பழத்தின் பேர், "மட்டி!" உடனே சக்கரத்தை விட்டுவிட்டு ஓடிவந்து, இரும்பைக் குறட்டால் எடுத்து அடைகல்லில் வைத்து அடிப்பார். ஒரு நாளில் முடிகிற வேலை மூன்று நாள் ஆனது. ஆனாலும் அந்த மூன்று மாதம் மாதிரி நாங்கள் சேர்ந்து இருந்த காலம் பிறகு வரவில்லை.

இடவம் பாதி கழிந்து மழை தொடங்கியது. ஒரு நாள் காலையில் உலையில் ஒரு வெட்டுக்கத்தி கிடந்தது. "மட்டி!" என்று சொல்ல வாயைத் திறந்தேன், வாயில் வந்தது "அம்மோ." அவர் ஓடி வந்தார். "நீங்க கத்திய எடுங்க, எரிஞ்சு போவும்" என்றேன். "அது எரியட்டும்" என்றார். என்னை வீட்டுப் பக்கம் கொண்டுபோய்ப் படுக்கவைத்துவிட்டு, மழையில் வயற்றாட்டியைக் கூப்பிட ஓடினார். இரும்பு எரியட்டும் என்று அந்த மனிதர் சொல்லி நான் கேட்டது ஒரே தடவைதான்.

வயற்றாட்டி வந்து சேர்ந்தபோது உச்சி நேரம் ஆகிவிட்டது. நோவு இறுகியது. அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் துருத்தி ஊதத் தொடங்கியது. மெதுவாக ஒன்று, பிறகு இன்னொன்று, பிறகு நிற்காமல்.

வயற்றாட்டிக்கு வந்ததே கோபம்! "ஓய் ஆசாரி! பெண்டாட்டி நோவுல கெடக்கா, நீரு இரும்பு அடிக்கப் போயிட்டீரா? மனுசனா நீரு?" என்று கத்தினாள்.

"நான் இங்கதான் நிக்கேன்" என்று கதவுக்கு வெளியிலிருந்து அவர் குரல் கேட்டது.

எனக்குப் புரிந்துவிட்டது. அணையைத் திறந்துவிட்டார்கள். சக்கரத்திலிருந்து கயிற்றை அவிழ்க்க யாருக்கும் நினைவில்லை.

பிள்ளை பிறந்தது. அழவில்லை. வயற்றாட்டி அதைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினாள். நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். நீலம் பாரித்துக் கிடந்தது. அதே நிறம். துருத்தி மட்டும் மூச்சு இழுத்தது, விட்டது, இழுத்தது, விட்டது. வயற்றாட்டி பிள்ளையின் வாயைத் துடைத்து, தன் வாயை வைத்து ஊதினாள். கதவுக்கு வெளியே நின்ற அவருக்கு, என்ன ஆயிற்று என்று கேட்கப் பயம். எனக்குத் தெரியும்.

முதலில் சிவந்தது உதடுதான். பிறகு கன்னம், நெஞ்சு, கை. கண்ணிமைக்காமல் பார்த்தேன், எத்தனை வருடம் தீயைப் பார்த்த கண். பிள்ளை வாயைக் கோணி ஒரு சத்தம் போட்டது. அது அழுகையாகும் வரை காத்திருக்க என்னால் முடியவில்லை. உடம்பில் மிச்சமிருந்த பலத்தை எல்லாம் கூட்டிக் கதவைப் பார்த்துக் கத்தினேன்.

"செந்துளுவன்!"

வயற்றாட்டி என்னைப் பேய் பிடித்தவளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். வெளியே மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"அப்ப இன்னும் ஊதட்டும்" என்றார்.

அன்று சாயங்காலம் வரை அந்தத் துருத்தியை யாரும் நிறுத்தவில்லை.