நடக்கும் கட்டில்

தொண்ணூற்றைந்தில் மதுக்கரையில் கதிர்வேலைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் வேலைக்குப் போனேன். அவருக்கு வயது முப்பத்தாறு. கல்யாண வீடுகளில் வீடியோ எடுத்தவர். நரம்பு நோய் வலது கையில் தொடங்கி இடது கைக்கும் பரவியிருந்தது. குணமாகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அது அவருக்கும் தெரியும்.

பேச்சு குழறுவதற்கு முன்பே ஒரு பாட்டு எழுதி, தானே பாடி கேசட்டில் பதிந்து வைத்திருந்தார். மூன்றரை நிமிடப் பாட்டு. விரல்கள் முழுவதும் நின்றுபோவதற்குள் அதற்குப் படம் எடுத்துவிட வேண்டும். வேறு எதையும் அவர் கேட்கவில்லை.

ஜன்னல் சாத்தியிருக்கும், மேசைமேல் ஒரு பல்பு எரியும். கம்பியில் களிமண் அப்பிய பொம்மைகள். ஒன்றை நெல்மணி அளவு நகர்த்துவார், கேமராவை அமுக்கி உடனே நிறுத்துவார், மறுபடி நகர்த்துவார். மேசையில் சாக்பீஸ் குறிகள். கை ஒத்துழைத்த நாளில் ஆறு விநாடிப் படம் தேறும்.

படத்தில் ஒரு கட்டில் தலையில்லாத ஆளைச் சுமந்து வீட்டைவிட்டு நடந்து போகும். அவன் விரல்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்து, புழுவாகக் கட்டிலின் பின்னால் ஊர்ந்து வரும். இதை ஏன் எடுக்கிறீர்கள் என்று கேட்டேன். பத்து வருடம் எல்லாரையும் சிரிக்கச் சொல்லியே எடுத்தாயிற்று, போதும் என்றார்.

நான்கு மாதத்தில் ஒன்றரை நிமிடம் முடிந்தது. ஆயுத பூசைக்கு எனக்கு இரண்டு நாள் விடுமுறை. திரும்பி வந்தபோது மேசை பளிச்சென்று இருந்தது. அவருடைய அம்மா ராசாத்தாள் பொம்மைகளைத் தண்ணீரில் கழுவி வைத்திருந்தார். சுடாத மண். கட்டில் கரைந்து வெறும் கம்பியாக நின்றது. அந்தக் கம்பிக்கும் சந்தனம், குங்குமம்.

"பூசைக்கு எல்லாத்தையும் கழுவோணுமல்ல கண்ணு. உன்ற கைக்கு நல்லதாகட்டும்னுதான் செஞ்சேன்" என்று மகனிடம் சொன்னார் அந்த அம்மா.

கதிர்வேல் கோபப்படவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டும். அதற்குள் அவர் விரல்களுக்கு மண் உருட்ட வரவில்லை. என்னைச் செய்து தரச் சொன்னார். படுக்கைப்புண்ணுக்கு மருந்து கட்டப் பழகிய கை என்னுடையது. மூன்று நாள் முயன்றேன்.

"கொழுக்கட்டைக்குக் கால் மொளச்சாப்பல இருக்குதுங்க சிஸ்டர்" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகி, நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டியதாயிற்று.

மறுநாள் பொம்மைகளை எடுத்துவிடச் சொன்னார். காலி மேசைக்கு நேராகக் கேமராவைத் திருப்பி, பொத்தானை என்னையே அமுக்கச் சொன்னார். மீதிப் பாட்டின் நேரம் முழுவதும் கேமராவை நிறுத்தாமல் ஓடவிட்டோம். அவருடைய பழைய கூட்டாளி ரங்கராஜ் வந்து பாட்டைப் படத்தோடு சேர்த்துக் கொடுத்தார்.

போட்டுப் பார்த்தோம். கட்டில் வாசல்வரை வந்தது. அதன்பின் மேசை மட்டும். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. ராசாத்தாள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "முடிஞ்சுதா கண்ணு?" என்றார்.

"முடிஞ்சுதும்மா" என்றார் கதிர்வேல்.

அம்மா எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனார். நான் கதிர்வேலைத் திருப்பிப் படுக்க வைத்தேன். அந்த வீடியோ கேசட்டை அவர் மறுபடி போடச் சொல்லவில்லை. மாசியில் மூச்சு நின்றது. நான் உடுமலைப்பேட்டையில் வேறொரு வீட்டுக்கு வேலைக்குப் போனேன்.