மாரியம்மன் கோயில் அரிசிப் பெட்டியும் எங்கள் அக்காவும்

அன்புள்ள உற்றாரே, அக்காவோடு ஒரே லயத்தின் வரிசை வீடுகளில் வாழ்ந்தவர்களே,

எங்கள் அக்கா கண்ணை மூடி இன்றோடு பதினாறு நாட்களாகின்றன. பதுளையில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் நான், எத்தனையோ குடும்பங்களுக்கு இத்தகைய நினைவுப் புத்தகம் கோத்துக் கொடுத்திருக்கிறேன். சொந்த அக்காவுக்கென்று வரும்போது கை ஓடவில்லை. பிழையிருந்தால் பொறுத்தருள்க.

அக்கா திருச்சிராப்பள்ளிப் பக்கத்துச் சிற்றூரொன்றில் பிறந்தார். சிறு வயதிலேயே பெற்றோரோடு கடல் கடந்து, காட்டுவழி நடந்து இலங்கையின் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தார். நான் தோட்டத்தில் பிறந்தவன். பெற்றோர் இருவரும் காய்ச்சலில் போனபின், கொழுந்து பறித்து என்னை வளர்த்து, பதுளைக்கு அனுப்பிப் படிக்கவைத்தவர் அக்காதான். பின்பு அதே தோட்டத்தில் வேலை செய்த மச்சானை மணந்து மூன்று பிள்ளைகளைப் பெற்றார்.

"ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீட்டுல அரிசிக்கு என்ன குறை?" என்று வெளியூர் உறவினர் சிலர் கேட்டதுண்டு. தோட்டத்து வேலைப் பதிவில் பெயர் விழுந்த நாளுக்குத்தான் கூலி. கொழுந்து குறைந்தால் அரைப் பெயர், அரைநாள் கூலிதான். பிள்ளைக்குக் காய்ச்சலென்று தாய் வீட்டில் இருந்துவிட்டால் அதுவும் இல்லை. எங்கள் லயத்தில் பட்டினி கிடந்தவர்கள் வேலை செய்துகொண்டேதான் கிடந்தார்கள்.

ஒரு மழைக்காலத்தில் லயத்தில் எங்கள் அறையை அடுத்த காம்பராப் பெண் கொழுந்துக் கூடையோடு மலையில் மயங்கி விழுந்தார். இருந்த சோற்றைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, இரண்டு நாளாக வெறும் தேத்தண்ணியைக் குடித்து முழுப் பெயர் வேலை செய்திருக்கிறார்.

"நடுவுல ஒரு சுவருதானே இருக்கு. எனக்குத் தெரியாமப் போச்சே" என்று அக்கா அன்று முழுதும் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

தோட்டத்தில் அரிசி அளக்கும் அடுத்த அரிசி நாளில், பழைய தேயிலைப் பெட்டியொன்றைக் கழுவிக் காயவைத்து மாரியம்மன் கோயிலில் வைத்தார். வீட்டுக்கு ஒரு பிடி அரிசி போடச் சொன்னார். இல்லாதவர்கள் யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம், பூட்டு கிடையாது.

கங்காணிக்கு அது பிடிக்கவில்லை. "சோம்பேறிகளுக்குப் பொங்கிப் போடப் போறியா?" என்றார்.

"முழுப் பேர் போட்டவதாங்க மயங்கி விழுந்தா" என்றார் அக்கா.

மறுவாரம் கங்காணியின் மனைவியே வந்து ஒரு பிடி போட்டுவிட்டுப் போனார்.

ஆனால் போட்டார்களே தவிர, எடுக்க ஒருவரும் வரவில்லை. வாரக்கணக்கில் அரிசி அப்படியே கிடந்தது. அக்கா வண்டு பொறுக்கிப் புடைத்துத் திரும்பக் கொட்டுவார்.

அப்போதுதான் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும்போது மச்சானின் காலில் கத்தி பாய்ந்தது. செய்தி கேட்டு விடுப்பெடுத்துப் போனேன். மச்சான் படுத்திருந்தார், வீட்டில் அரிசி தீர்ந்திருந்தது. பதுளைக்குப் போய் வாங்கி வருகிறேன் என்றேன்.

"நீ போய்த் திரும்ப மூணு நாளாகும். புள்ளைகளுக்கு இன்னைக்கில்ல பசிக்குது?"

"கோயில்லதான் இருக்கேக்கா."

"போடுறப்ப கூசலடா தம்பி. எடுக்கணும்னு நெனச்சா கால் நகர மாட்டேங்குது" என்றார் அக்கா.

பிறகு முகம் கழுவிக்கொண்டு எழுந்தார். கொழுந்து நிறுத்துவிட்டு எல்லாரும் லயத்துக்குத் திரும்பும் நேரம் அது. அத்தனை பேர் பார்க்கச் சட்டியோடு கோயிலுக்குப் போய் ஒரு கொத்து அளவு அரிசி அளந்தார். முந்தானையால் மூடாமலே திரும்பி நடந்தார்.

அடுத்த காம்பராப் பெண் வாசலில் நின்றிருந்தார். "அக்கா, நீங்களா?"

"ஆமாடி. வீட்டுல அரிசி இல்ல."

அந்தப் பெண் படியிறங்கி வந்து, "எங்க வீட்டுலயுந்தாங்க்கா" என்றார்.

"அப்ப சட்டிய எடுத்துக்கிட்டு வா."

அன்று மாலை நான்கு வீடுகளில் அந்த அரிசி வெந்தது. அதன்பின் பெட்டியில் வண்டு விழ நேரமிருந்ததில்லை.

மறு மழைக்கு மண் சரிந்து, பதுளையிலிருந்து மாட்டுவண்டிகள் வராமல் நின்றன. பெட்டி மூன்று நாள் தாங்கியது. நாலாம் நாள் பக்கத்துச் சிங்களக் கிராமத்தார் பலாக்காயும் குரக்கன் என்னும் கேழ்வரகும் கொண்டுவந்து கோயில் வாசலில் இறக்கினார்கள். பதுளைக் கடைக்கார முஸ்லிம் பெரியவர் ஒருவர் ஆட்களின் தலைச்சுமையாக அரிசி அனுப்பினார். ஒரு பிள்ளையும் பட்டினி கிடக்கவில்லை.

கடைசி இரண்டு மாதம் அக்கா நெஞ்சுச் சளியால் வேலைக்குப் போகவில்லை. முறை வைத்து ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கஞ்சி வந்தது. "இன்னைக்கு யாரு வீட்டுக் கஞ்சி?" என்று சிரித்தபடி கேட்டு வாங்கிக் குடிப்பார். அப்படி ஒரு காலைக் கஞ்சியைக் குடித்துவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

மருந்து கொடுத்தவருக்கும், பாடை சுமந்தவர்களுக்கும், தாள் தந்து உதவிய அச்சக முதலாளிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கஞ்சி கொடுத்த வீடுகளின் பெயர்களை வரிசையாக அச்சிட விரும்பிக் கேட்டேன். "எங்க பேரெல்லாம் போடாதீங்க தம்பி. நாங்களும் அந்தப் பெட்டியில எடுத்துச் சாப்பிட்டவுகதானே" என்றார்கள். ஆகவே பெயர்கள் இங்கே இல்லை. இதை வாசிக்கக் கேட்கும்போது அவரவருக்குத் தெரியும். உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.