பானைக்குள் போகாத தலை

பேத்தியை அழைத்துவரப் பள்ளிக்கூட வாசலில் நின்றேன். அவளுடைய பாட்டிலில் தோழி வாய் வைத்துக் குடித்தாள். மிச்சத்தை இவள் வாங்கிக் குடித்தாள். எப்போதோ பிரம்படி பட்ட இடம் எனக்கு லேசாக அரித்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் குரும்பலூரிலிருந்து டவுன் ஹைஸ்கூலுக்கு நடந்து போனோம். நான் அங்கே ஆறு மாதம் தாங்கினேன்; நான் உட்கார்ந்த பெஞ்சு என்னைவிட அதிகம் படித்திருக்கும். சாயபு வீட்டுப் பையன், பண்ணை வீட்டுப் பையன், சேரியிலிருந்து மருதமுத்து, எல்லாரும் ஒரே வகுப்பு. தண்ணீர்ப் பானைதான் எல்லாருக்கும் பொது இல்லை. மருதமுத்து கையைக் குவித்து நிற்பான்; யாராவது மேலேயிருந்து ஊற்ற வேண்டும்.

ஒருநாள் ஊற்ற ஆளில்லை. தாகம் தாங்காமல் அவனே மொண்டு குடித்தான்.

"மருதமுத்து பானையத் தொட்டுட்டான் சார்!" என்று பண்ணை வீட்டுப் பையன் கத்தினான்.

ஹெட்மாஸ்டர் பிரம்போடு வந்தார். மருதமுத்துவின் படிப்பே போய்விடும் என்று எனக்குப் பயம்.

"அவன் இல்ல சார், நாந்தான். பானைக்குள்ள தலைய வுட்டு மாடு மாதிரி குடிச்சுட்டேன்."

அவர் பானையின் வாயைப் பார்த்தார். என் பரங்கிக்காய்த் தலையைப் பார்த்தார். ஒரே ஒரு அடி.

"எச்சிப் பானைய ஒடைச்சிட்டுக் கிளாசுக்குப் போங்கடா."

அவரை ஏமாற்றிவிட்டதாக வீடு திரும்பும் வழியெல்லாம் பீற்றினேன்.

மருதமுத்து சிரித்தான். "அதுக்குள்ள ஒன் கையி போறதே பெருசு. தல எப்படிடா போவும்? சாருக்குத் தெரியாதா?"

"தாத்தா, தண்ணி வேணுமா?" பேத்தி பாட்டிலை நீட்டினாள்.

"குடு தாயி. தல நொழையுதான்னு பாப்போம்."