பதினான்கு ஜோடிச் செருப்பு

எனக்குப் பொறாமை ஜாஸ்தி. மறைத்துப் பிரயோஜனமில்லை. வேலை பார்த்த காலத்தில், அடுத்த மேசைக்காரிக்கு ஃபேனுக்கு நேர்கீழே இடம் கிடைத்ததற்காக ஒரு வாரம் அவளோடு பேசாமல் இருந்தவள் நான். ஆனால் ஒரு சர்ச்சின் மேல் எனக்கு வயிறு எரியும் என்று கனவிலும் நினைத்ததில்லை.

அண்ணாமலையார் மலைக்குப் பக்கத்தில், வேங்கிக்காலில் புதிதாக மனை போட்ட பகுதியில் எங்கள் வீடு. பக்கத்து வீட்டில் அக்கா. கூடப்பிறந்தவள் இல்லை; ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், கிறிஸ்தவள், என்னைவிட மூன்று வயது மூத்தவள். என் கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், மகன் பெங்களூரில். அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை, கணவரும் இல்லை. எனக்கு அவள், அவளுக்கு நான். அவள் வீட்டுக் குழம்பு என் வீட்டுக்கு வரும், என் வீட்டு ரசம் அங்கே போகும். சாயங்காலம் காபி, பிறகு சீரியல், நடுவில் விளம்பரம் வரும்போது அக்கம்பக்கத்து வம்பு. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

அக்கா கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் சர்ச்சுக்குப் போகிறவள். ஊருக்குள் இருக்கும் அந்தச் சின்ன சர்ச்சைச் சேர்ந்த, வீட்டில் தனியாக வாழ்ந்த பெரியவர் ஒருவர் இறந்துபோனது இரண்டு நாள் கழித்துத்தான் எல்லோருக்கும் தெரிந்ததாம். அவமானமும் துக்கமும் தாங்காமல் புது பாஸ்டரம்மா ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு யார் வரவில்லையோ, அவர்கள் வீட்டுக்கு முறை வைத்து இரண்டு பேர் போக வேண்டும். ஆளை விசாரித்த பிறகுதான் அந்த இரண்டு பேரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட வேண்டும்.

அப்படித்தான் அக்கா வீட்டுக்கும் வந்தார்கள். முதல் வாரம், "சும்மா வந்து தொல்லை பண்றாங்கடி" என்று சலித்துக்கொண்டாள். மூன்றாவது வாரம் காலையிலேயே புடவை கட்டிக்கொண்டு ஆட்டோவுக்கு நின்றாள். பிறகு செவ்வாய்க்கிழமை ஜெபக்கூட்டம் வந்தது. சீரியல் போச்சு. அவள் பிறந்தநாளன்று வீடு நிறையப் பாட்டு. துணி காயப்போடும் சாக்கில் மாடிக்குப் போய் அவள் வாசலில் கிடந்த செருப்புகளை எண்ணினேன். பதினான்கு ஜோடி. போதாததற்கு அவர்களும் அவளை 'அக்கா' என்றே கூப்பிட்டார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கீழே வந்து, யாருக்கும் வேண்டாத சட்னிக்காக மிக்சியை ஓட்டினேன்.

நானும் பக்தியில் குறைந்தவள் இல்லை. பௌர்ணமி தவறாமல் மலை சுற்றினேன். ஒரு தடவை பாதி வழியில் இருக்கும் அடி அண்ணாமலையைத் தாண்டுவதற்குள் கால் பிடித்துக்கொண்டது. ஒரு கடை வாசலில் உட்கார்ந்துவிட்டேன். எத்தனை ஆயிரம் பேர் என்னைக் கடந்து போனார்கள்! அடுத்த மாதம் போகவே இல்லை. ஏன் வரவில்லை என்று யார் கேட்பார்கள்? அண்ணாமலையாரிடமே சண்டை போட்டேன்: அவளைக் கேட்க ஆள் இருக்கிறது, எனக்கு ஏன் இல்லை?

போன ஐப்பசியில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. சனிக்கிழமையிலிருந்து நான்தான் கூட இருந்தேன். உண்மையைச் சொன்னால், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கஞ்சி வைத்தேன். அவள் நன்றாகத் தூங்கட்டும் என்று அவளுடைய போனைச் சைலண்ட்டில் போட்டேன். மத்தியானம் வாசலில் சத்தம் கேட்டது. அவர்கள் சர்ச்சைச் சேர்ந்த ஒரு டீச்சரும் தையல்காரப் பெண்ணும் டிபன் கேரியரோடு நின்றார்கள்.

"அக்கா சர்ச்சுக்கு வரலியே, அதான் வந்தோம்" என்றாள் டீச்சர்.

கேட்டைத் திறக்காமலேயே சொன்னேன்: "அவங்க ஊர்ல இல்லியே. வேலூர்ல தம்பி வீட்டுக்குப் போயிருக்காங்க. நான் செடிக்குத் தண்ணி ஊத்த வந்தேன்."

"போன் எடுக்கலயேம்மா?"

"பஸ் சத்தத்துல கேட்டிருக்காது."

அவர்கள் போய்விட்டார்கள். உள்ளே வந்தால் அக்கா கண்ணைத் திறந்து படுத்திருந்தாள்.

"யாராவது வந்தாங்களா?"

"யாரும் வரலக்கா."

என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கஞ்சி இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. நான் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. நானும் அவளும் மட்டும், முழு மத்தியானம். ஆனால் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. தன்னை யாருமே தேடவில்லை என்று நினைத்துக்கொண்டு கிடக்கிறாள். அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? அந்த நோவை என் கையாலேயே அவளுக்குக் கொடுத்திருந்தேன்.

சாயங்காலம் அவளுடைய போனை எடுத்தேன். டீச்சரிடமிருந்து ஏழு மிஸ்டு கால். கூப்பிட்டேன்.

"நான் பக்கத்து வீடும்மா. அக்கா ஊருக்குப் போகல. காய்ச்சல்ல படுத்திருக்காங்க. நான்தான் பொய் சொன்னேன்."

"ஏம்மா?"

"பொறுக்கல."

"சரிம்மா, வர்றோம்" என்றாள்.

உள்ளே போய்க் கட்டிலோரம் நின்று அக்காவிடமும் சொன்னேன். அவள் சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்:

"தெரியும். டீச்சர் கொரல் கேட்டுச்சி."

"அப்ப ஏன் நீ அவங்களக் கூப்பிடல?"

"கூப்பிட்டிருந்தா அவங்க எதிர்ல நீ பொய்க்காரி ஆயிருப்ப. நீயே வந்து சொல்றியான்னு பாத்தேன். இவ்ளோ நேரம் ஆச்சி உனக்கு."

அவர்கள் இட்லியோடு வந்தபோது நான் தலையைக் குனிந்துகொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்த வாரம் முழுக்க அங்கே போகவில்லை. முழங்கால் வலி என்று சொல்லி அனுப்பினேன். குழம்பு வைத்தேன், கொடுக்கவில்லை. இனிமேல் அவளுக்கு நான் எதற்கு? காய்ச்சல் தேறி அவள் வாசல் பெருக்கும் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வீட்டு காலிங்பெல் அடித்தது. எட்டிப் பார்த்தேன். அக்கா, டீச்சர், தையல்காரப் பெண். ஆராதனை முடிந்து நேராக வந்திருந்தார்கள். திறக்கவில்லை. விடாமல் அடித்தாள் அக்கா. கடைசியில் கேட்டருகே போய் நின்றேன்.

"ஒரு வாரமா நீ வரல. இன்னாத்துக்கு?" என்றாள்.

"நான் ஒண்ணும் உங்க சர்ச் இல்லியே, வந்து விசாரிக்க."

"என் வீட்டுக்கு வரலியேடி. உன்ன விசாரிக்காம நான் எப்படிச் சோறு திங்கறது?"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் என் புத்தி எங்கே போகும்?

"நான் வரலன்னு மொதல்ல சொன்னது நீயா, அவங்களா?"

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"நான்தான்டி. போதுமா? கேட்டத் தொற, பசிக்குது."

திறந்தேன். மூவரும் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போனார்கள். இலை எடுக்க வேண்டியவள், நான் மட்டும் வாசலிலேயே நின்று எண்ணிப் பார்த்தேன். மூன்று ஜோடி. பதினான்குக்குக் கம்மிதான்.