மெழுகுப் புழுவின் வயிற்றில் ஆறு வருடம்

பிளாஸ்டிக் தின்னும் புழுவின் வயிற்றை அறுத்து, இதுவரை யாரும் பெயர் வைக்காத பாக்டீரியா உள்ளே இருக்கிறதா என்று தேடுவது என் தொழில். பெண் பார்க்கப் போன வீட்டில் இதைச் சொன்ன பிறகும் எனக்குக் காபி கொடுத்தார்கள் என்பதே பெரிய விஷயம். முப்பத்தைந்து வயதிலும் ‘மாணவர்’ என்று கையெழுத்துப் போடும் சக பாவிகளுக்கு நான் அதிகம் விளக்க வேண்டாம். ஆறு வருடம் ஓடிவிட்டது. கடைசி நீட்டிப்பில் ஐந்து மாதம் பாக்கி. அதற்குள் ஒரு புதுக் கிருமி அகப்படாவிட்டால் முனைவர் பட்டம் கிடையாது.

முதல் கண்டுபிடிப்பு

போன வருடம் கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டு ஒன்றில் மஞ்சளாக, வட்டமாக, பார்க்கவே லட்சணமாக ஒரு கிருமி வளர்ந்தது. இதுதான் என்று முடிவு கட்டி, பரிசோதனைக்கூடம் முழுக்க லட்டு கொடுத்தேன். ஒரு வாரத்தில் மரபணு வரிசை வந்தது. மனிதத் தோலில் சாதாரணமாக இருக்கும் கிருமியாம். கையுறையைக் கழற்றிவிட்டு மூக்கைச் சொறிந்தது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. என் கைடு மேடம் தாளை மடித்துக் கொடுத்தார். “புழுவ வுட்டுட்டு உன்னையே அறுத்திருந்தா இந்த ஆறு வருஷம் மிச்சமாயிருக்கும்ப்பா.”

சிதம்பரம் பஸ்

மெழுகுப் புழு தேன்பெட்டிக்குள் புகுந்து தேனடையைத் தின்னும். பாலிதீனையும் கடித்துத் துளைக்கும். திருவந்திபுரத்தில் தேனீ வளர்க்கும் என் மனைவியின் தம்பி செந்தில், புழு விழுந்த அடை ஒன்றை எனக்காக எடுத்து வைத்திருந்தான். அதை ஒரு பாலிதீன் கவரில் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி, துணிப்பைக்குள் வைத்துக்கொண்டு கடலூரில் பஸ் ஏறினேன். ஆமாம், பாலிதீன் கவரில்தான். அப்போது என் மூளை எங்கே போயிருந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

புதுச்சத்திரம் தாண்டியதும் பக்கத்து சீட்டு அம்மாள் அலறினார். திருப்பாதிரிப்புலியூரில் எடுத்த புதுச் சேலை அவர் மடியில். கடைக் கவரில் ஒரு பொத்தல், அதில் ஒரு புழு தலை நீட்டிக்கொண்டிருந்தது. நல்ல வேளை, சேலை தப்பித்தது. மன்னிப்புக் கேட்டு, அந்தப் புழுவைத் தனிக் குப்பியில் போட்டு ‘சேலை’ என்று எழுதினேன். மற்றவற்றை சீட்டுக்கடியில் தவழ்ந்து பொறுக்கினேன். என் ஆராய்ச்சி விவரம் முழுவதையும் பொறுமையாகக் கேட்ட பிறகு அந்த அம்மாள் சொன்னார்: “ஏன் சார், கவரத் திங்கிற புழுவ கவர்லயே போட்டு எடுத்தாறீங்களே, நெசமாவே படிக்கிறீங்களா?”

மச்சான் செய்த உபகாரம்

பொறுக்கிய புழுக்களில் பழைய கிருமிகள்தான். ‘சேலை’ப் புழுவின் குடலில் வளர்ந்த ஒன்று மட்டும், பதிவாகியிருக்கும் எதோடும் பொருந்தவில்லை. என் தோலோடும் பொருந்தவில்லை. மேடம் முதல்முறையாக எனக்கு டீ சொன்னார். ஆனால் இருந்தது ஒரே ஒரு புழு, அதுவும் பஸ்ஸில் புரண்டது. அதே பெட்டியின் இன்னொரு புழுவிலும் இந்தக் கிருமி இருந்தால்தான் வெளியே சொல்ல முடியும் என்றார். மறுநாளே திருவந்திபுரத்துக்கு ஓடினேன். தேன்பெட்டிகள் பளபளவென்று இருந்தன. செந்தில் முகமும் அப்படித்தான். “அந்தப் புழு அடையெல்லாம் போன வாரமே கொளுத்திட்டேன் மாமா. நீங்க பாத்தா சந்தோஷப்படுவீங்கன்னுதான்.”

ஆணியில் ஒரு பை

வெறுங்கையோடு திரும்பினேன். வீட்டுக்குள் நுழைந்தால், என் மனைவி கலா துடைப்பக்கட்டையோடு நிற்கிறாள். எதிரே ஆணியில் அன்று பஸ்ஸில் வந்த அதே துணிப்பை. அதன் உள்ளே அடியில், பொத்தல் கவரிலிருந்து நழுவிய ஓர் அடைத்துண்டு ஒட்டிக்கிடந்ததை நான் கவனிக்கவே இல்லை. அதில் கொழுகொழுவென்று மூன்று புழுக்கள். “இந்தப் பைய துவைக்கப் போடுங்கன்னு மூணு வாரமா கத்துறேன், காதுல வாங்குனீங்களா?” என்றாள். நான் அவளைக் கட்டிக்கொண்டேன். துடைப்பக்கட்டை நடுவில் இருந்தது.

மூன்றில் இரண்டு புழுக்களில் அதே கிருமி இருந்தது. புதுசுதான் என்று மேடமும் ஒப்புக்கொண்டு, பெயர் யோசிக்கச் சொன்னார். கலாவிடம் கேட்டேன். “ஊர் பேர வைங்க, உங்க பேர வைங்க, என் பேர மட்டும் வச்சிடாதீங்க. நான் தெருவுல நடமாட வேணாமா?”

ஆறு வருட ஆராய்ச்சியில் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம், அந்தப் பையைத் துவைக்காமல் விட்டதுதான்.